ரிப்பன் கட்டிய மூச்சு

துரத்திவிட்டார்களாம்! யார் துரத்தினார்கள், எந்த வாசல் வழியாகத் துரத்தினார்கள், கண்ணால் பார்த்தவர் யார் என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் கிடையாது. ரொட்டிக்கடை வாசலில் நாலு பேர் கூடினால் போதும், நர்ஸ் கடுகின் பெயர் எண்ணெய் இல்லாமலே பொரிகிறது. ஆஸ்பத்திரி மிஷினைத் திருடி விற்கப் பார்த்தாள் என்கிறாள் மாடிவீட்டுக்காரி. மிஷின் என்ன மிளகாய்ப் பொடியா, முந்தானையில் முடிந்துகொண்டு போக? நெஞ்சு உயரம் இருக்கிறது, நாலு சக்கரத்தின் மேல் நிற்கிறது. பச்சைப்பிள்ளையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினாள், கொல்லத்தான் பார்த்தாள் என்கிறாள் தையல்கடைக்காரி. பையில் போட்டது உண்மை. ஏன் போட்டாள் என்று கேட்கத்தான் ஒருத்திக்கும் வாய் வரவில்லை. கேட்டுவிட்டால் அப்புறம் பேச என்ன மிச்சம் இருக்கும்?

"திமிருங்க, வேற என்ன? பெரிய மனுஷன் வெட்ட வேண்டிய ரிப்பனை இவ வெட்டிட்டா. அப்புறம் துரத்தாம மடியில வெச்சுக் கொஞ்சுவாங்களா?" என்கிறாள் இன்னொருத்தி.

இதில் ரிப்பன் மட்டும் நிஜம். வெட்டினாள். ஒரே வெட்டு. அதை இல்லை என்று கடுகே சொன்னதில்லை. ஆனால் துரத்தினார்கள் என்று இனி ஒருத்தி சொன்னால், நடந்ததை முதலிலிருந்து கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

கடுகு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, தெரு வைத்தது. ஆள் குட்டை. சும்மா இருக்கும்போது டப்பாவுக்குள் இருக்கிற மாதிரிதான் இருப்பாள். சூடேறினால் வெடிப்பாள், கிட்டே நிற்கிறவர் முகத்தில் தெறிக்கும். பஸ் கடைசியாக நின்று திரும்புகிற இடத்தில் இருக்கிறதே சின்ன ஆஸ்பத்திரி, அங்கே பிரசவ அறையில் நர்ஸ். இந்தத் தெருவில் பள்ளிக்கூடப் பை சுமக்கிற பிள்ளைகளில் பாதிப் பேரை முதலில் தொட்ட கை அவளுடையது. மாடிவீட்டுக்காரியின் இரட்டைப் பிள்ளைகள் உட்பட. அதையெல்லாம் யார் நினைத்துப் பார்க்கிறார்கள்!

அவள் அப்பா லாரி ஓட்டியவர். பழைய லாரி உடைப்புக்குப் போனபோது அதிலிருந்த ரப்பர் ஹாரனை மட்டும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். கைக்குள் அடங்கும் பந்து, முன்னால் பித்தளைக் குழல். நர்ஸ் படிப்புக்குப் போன கடுகு அந்த ஹாரனைக் கையில் எடுத்தாள். மூச்சு விடாமல் பிறக்கும் பிள்ளையின் மூக்கையும் வாயையும் சேர்த்துச் சின்ன முகமூடியால் மூடி, ரப்பர் பையை அமுக்கிக் காற்றுக் கொடுக்க அங்கே சொல்லித்தந்தார்கள். பெரியவர்களுக்கு அமுக்குகிற மாதிரி அமுக்கினால் பிஞ்சு நுரையீரல் கிழிந்துவிடும், இரண்டு விரல் போதும் என்றார்கள். இவளுக்கோ முழங்கையிலிருந்துதான் பலம் வந்தது. பொம்மையின் வயிறு தவளை மாதிரி உப்பியது, கூடப் படித்தவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் ஹாரன்தான் பொம்மை. 'பாம்' என்று அலறினால் தோற்றாள். 'ப்ஸ்' என்று பெருமூச்சு விட்டால் ஜெயித்தாள்.

"நீ நர்சாகப் போறியா, டிரைவராகப் போறியா? ஒண்ணைச் சொல்லித் தொலை, காது போகுது" என்று அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா மட்டும் ஓரமாக உட்கார்ந்து, "இப்ப கொஞ்சம் மெதுவாத்தான் இருந்துச்சு" என்று தீர்ப்புச் சொல்வார்.

அமுக்கு, விடு, விடு. இதுதான் தாளம். துணி துவைக்கும்போதும் மாவு பிசையும்போதும் அவள் வாய் அதையே முணுமுணுக்கும். கல்யாணமான புதிதில் அவள் வீட்டுக்காரர், வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர், பயந்துபோய்த் தன் தங்கையிடம் கேட்டாராம்: "உன் அண்ணி யாரை அமுக்கறேன்னு சொல்லிட்டே இருக்கா?"

அப்படிப் பழகிய கைக்கும் எட்டாத ஒன்று இருந்தது. நாள் நிறைந்து பிறக்கும் பிள்ளையின் நுரையீரல் ஒருமுறை விரிந்தால் விரிந்ததுதான். குறைமாதப் பிள்ளைக்கு அப்படி இல்லை. புது பலூனை ஊதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதல் ஊதல்தான் கன்னத்தை வலிக்கச் செய்யும், உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு மூச்சை விட்டதும் பலூன் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு மூச்சும் முதல் மூச்சு. உம், உம் என்று முனகிக்கொண்டு, விலா எலும்புக்குள் சதை குழிய இழுத்து இழுத்து, கடைசியில் களைத்துப்போய் நிறுத்திவிடும். ரப்பர் பை காற்றைக் கொடுக்கும், உள்ளே நிறுத்திவைக்காது. நிறுத்திவைக்க ஒரு மிஷின் உண்டு. பிள்ளையின் மூக்கில் இரண்டு சின்னக் குழாய் செருகி, விடாமல் மெல்லிய காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பலூன் முழுசாகச் சுருங்க விடாது. மூச்சு விடுவதென்னவோ பிள்ளைதான். மிஷின் கதவு சாத்திக்கொள்ளாமல் காலை வைத்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான்.

அந்த மிஷின் வேண்டும் என்று குழந்தை டாக்டர் கேட்காத ஆள் இல்லை. இளவயசு. நல்ல படிப்பு, நல்ல மனசு, முதுகெலும்பு மட்டும் கொஞ்சம் இளசு. யார் என்ன சொன்னாலும் "ஆகட்டும், பார்க்கலாம்" என்பார். அதனால் ஆஸ்பத்திரியில் அவருக்கு ஆகட்டும் டாக்டர் என்றே பெயர். ஆனால் இந்த விஷயத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. கேட்டுக் கேட்டு, கடைசியில் வெளியூரில் இருக்கும் ஒரு பெரிய வியாபாரி வாங்கிக் கொடுத்தார். பெட்டி வந்து இறங்கிய அன்றைக்குக் கடுகு தன் கையால் அட்டையைப் பிரித்தாள். குழாய்களைத் தடவிப் பார்த்தாள். டாக்டர் அவளுக்கும் மற்ற நர்சுகளுக்கும் எப்படி மாட்டுவது என்று காட்டிக் கொடுத்தார்.

மறுநாள் வந்து பார்த்தால் மிஷினுக்கு மேலே கண்ணாடித்தாள் உறை. அதன்மேல் சிவப்பு ரிப்பன், சுற்றிச் சுற்றி, முன்பக்கம் ரோஜாப்பூ மாதிரி முடிச்சு.

கட்டியவர் மேலாளர். இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து கலகலக்கும், அதனால் அவர் பெயர் சாவி. அவர் வருவதற்கு முன்பே சத்தம் வரும், வேலை செய்யாதவர்கள் கூட வேலை செய்ய ஆரம்பிப்பார்கள். "கொடுத்தவர் வந்து ரிப்பன் வெட்டித் திறந்து வைக்கணும். அதுவரைக்கும் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது" என்றார்.

"எப்ப சார் வர்றார்?"

"வருவார்."

மழை முடிந்து வருவார் என்றார்கள். மழை முடிந்தது. அவருக்கு மூட்டு ஆபரேஷன், நடக்க ஆரம்பித்ததும் வருவார் என்றார்கள். நடந்தார், ஓடினார் என்றுகூடச் செய்தி வந்தது, ஆள் வரவில்லை. பிரசவ அறை மூலையில் மிஷின் ரிப்பனோடு நின்றது. பெருக்கித் துடைக்கிற ஆயா தினம் அதன் தூசியைத் துடைத்தாள். "விருந்தாளிக்குன்னு அலமாரில பூட்டி வெச்ச கோப்பை மாதிரி நிக்குதே சிஸ்டர். நாமெல்லாம் கொட்டாங்குச்சிலயே குடிச்சிட்டுப் போயிடுவோமா?" என்பாள்.

நடுவில் ஒரு பையன் பிறந்தான். குறைமாதம். டாக்டர் மேலாளரின் அறைக்குப் போய் நின்றார். "பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க, அதுக்குத்தானே ஆம்புலன்ஸ் இருக்கு" என்று பதில் வந்தது. ஆகட்டும் என்று திரும்பி வந்தார். கடுகு ஆம்புலன்சில் உட்கார்ந்து பையை அமுக்கிக்கொண்டே போனாள். அமுக்கு, விடு, விடு. வண்டி பாலத்தைத் தாண்டுவதற்கு முன்பே விட வேண்டியதாகிவிட்டது. அந்தப் பையனின் அப்பா வண்டிக்குள்ளேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க உங்களால முடிஞ்சதைச் செஞ்சீங்கம்மா" என்றார். அது அவளை அறைந்த மாதிரி இருந்தது. முடிந்ததையா செய்தாள்? திரும்பி வந்தபோது ஆயா ரிப்பனின் பூமுடிச்சைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"அதுக்கு விதி அவ்வளவுதான்" என்றார் மேலாளர்.

விதியாம். விதிக்கு ரிப்பன் கட்டத் தெரியுமா?

அப்புறம் ஒருவழியாகப் பெரியவர் வருகிற நாள் முடிவானது. ஆஸ்பத்திரி அமர்க்களப்பட்டது. வாசலில் 'நல்வரவு' என்று விளக்குப் பலகை. பிரசவ அறைச் சுவருக்குப் புதுப் பெயிண்ட். அடிக்க வந்தது யார்? கடுகின் வீட்டுக்காரர்தான். மேலாளர் பின்னாலேயே நின்று, சீக்கிரம், சீக்கிரம் என்று விரட்ட, அவரும் சுவர் மேல் இருந்த எதையும் விட்டுவைக்காமல் அடித்துவிட்டுப் போனார்.

விழாவுக்குச் சில நாள் இருக்கும்போது, ஒரு பிற்பகல், பிஸ்கட் ஃபேக்டரியில் பொட்டலம் கட்டுகிற பெண் ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். தலையில் ஃபேக்டரித் தொப்பிகூடக் கழற்றவில்லை. நாள் நிறைய இன்னும் எவ்வளவோ இருந்தது. நின்றபடியே வேலை செய்துகொண்டிருந்தவளுக்கு வலி வந்துவிட்டது. கூடவே மாமியார், கையைப் பிசைந்துகொண்டு.

பெண் குழந்தை. உள்ளங்கையில் வைத்தால் விரல்களுக்கு வெளியே கால் தொங்கும், அவ்வளவுதான். கடுகு ஈரம் துடைக்காமலே அதைச் சுத்தமான பிளாஸ்டிக் பைக்குள் கழுத்துவரை நுழைத்து, தலைக்குத் தொப்பி போட்டு, சூடு தரும் விளக்கின் கீழ் வைத்தாள். கதவிடுக்கில் எட்டிப் பார்த்த மாமியார் அலறினாள்.

"ஐயையோ! என் பேத்தியைப் பையில போடுறாளே! மீன் வாங்கிட்டுப் போற மாதிரி!"

"தலை வெளியிலதான் இருக்கு பெரியம்மா. ஈரம் காத்துல காஞ்சா உடம்பு சில்லிட்டுப் போயிடும். இந்தத் தோலுக்குத் தாங்காது. நீங்க மழையில நனைஞ்சு காத்துல நின்னதே இல்லையா? கதவைச் சாத்துங்க, குளிர் வருது!"

இதுதான் அந்தப் பை. ரொட்டிக்கடை வாசலுக்கு வந்து சேர்வதற்குள் கொலையாகிவிட்டது.

பிள்ளை மூச்சு விடவில்லை. முகமூடியை வைத்து ரப்பர் பையை இரண்டு விரலால் அமுக்கினாள். அமுக்கு, விடு, விடு. நெஞ்சு எழும்பியது. கொஞ்ச நேரத்தில் பிள்ளை தானாகவே மூச்சை இழுத்தது. ஆயா 'அப்பாடா' என்றாள். அப்பாடா என்று சொல்கிற கட்டம் வரவில்லை என்பது கடுகுக்கும் டாக்டருக்கும் தெரியும். உம், உம் என்று முனகல் ஆரம்பித்தது. விலாவுக்கு இடையில் சதை குழிந்தது. உதட்டோரம் நீலம்.

"ரப்பர் பை போதாது சிஸ்டர். காத்து நிக்க மாட்டேங்குது" என்றார் டாக்டர்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூலையைப் பார்த்தார்கள்.

"மேலாளருக்கு ஒரு போன் பண்ணிடறேன்."

போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரைத் திறந்துவிட்டார். சாவியின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "இத்தனை நாள் பொறுத்தீங்க, இன்னும் ரெண்டு நாள் பொறுக்க முடியாதா டாக்டர்? ரிப்பன் வெட்டின மிஷினையா அவர் முன்னாடி நிறுத்தறது? வேற ஏதாவது செஞ்சு சமாளிங்க."

"யாரு சமாளிக்கணும் சார்?" என்றாள் கடுகு, கையை நிறுத்தாமல். "நானா, பிள்ளையா?"

"யாரது குறுக்க பேசறது?"

"மூச்சு குடுத்துட்டிருக்கிறவ."

"ரிப்பன் மேல கை பட்டுச்சு, நாளைக்கு இந்த ஆஸ்பத்திரில நீ இருக்க மாட்டே. சொல்லிட்டேன்."

போன் அடங்கியது. டாக்டர் வாயைத் திறந்தார். ஆகட்டும் என்று வருமோ வேறு ஏதாவது வருமோ, கடுகு காத்திருக்கவில்லை. "டாக்டர், பையை நீங்க பிடிங்க" என்றாள். அவர் பிடித்துக்கொண்டார். மகள் படிப்பு, வீட்டு வாடகை, பிரஷ்ஷை நம்பிப் பிழைக்கிற புருஷன் எல்லாம் ஒரு கணம் அவள் கண்முன்னே வந்து நின்றது. அதே கணத்தில் அந்தப் பாலமும் வந்தது. தட்டில் தொப்புள்கொடி வெட்டிய கத்தரி கிடந்தது. எடுத்துக்கொண்டு நாலே எட்டில் மூலைக்குப் போனாள். பூமுடிச்சுக்குக் கீழே வைத்து, ஒரே வெட்டு.

"நான் கைதட்டட்டுமா சிஸ்டர்?" என்றாள் ஆயா.

"பிளக்கை மாட்டு ஆயா!"

ஆயா பிளக்கை எடுத்துக்கொண்டு சுவரைத் தடவினாள். ஓட்டையைக் காணோம். பெயிண்ட் அடித்துப் பிளக் பாயிண்டே மூடிப்போயிருந்தது. இவ்வளவு நாளாக ஒருவராவது அந்த மிஷினுக்குக் கரண்ட் வருமா என்று பார்த்திருந்தால்தானே! பளபளப்பாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். பக்கத்து அறைப் பிளக்கிலிருந்து இழுத்த ஒரு நீள வயர் ஜன்னல் வழியாக வாசல் பலகைக்குப் போய்க்கொண்டிருந்தது. கடுகு அதைப் பிடுங்கி மிஷினுக்குக் கொடுத்தாள். வாசலில் 'நல்வரவு' அணைந்தது. மிஷினில் பச்சை விளக்கு எரிந்தது.

டாக்டர் ஆக்சிஜனை முழுசாகத் திறக்காமல் சாதாரணக் காற்றோடு அளவாகக் கலந்தார். அதிகமானால் பிஞ்சுக் கண்ணைக் கெடுத்துவிடும். கடுகு அந்தச் சின்னக் குழாய்களைப் பிள்ளையின் மூக்கில் பொருத்தித் தொப்பியோடு சேர்த்துக் கட்டினாள். குழாயின் மறுமுனை தண்ணீர் பாட்டிலுக்குள் இறங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் பாட்டிலுக்குள் குமிழி கிளம்பியது, அடுப்பில் உலை கொதிக்கிற சத்தம். விலாவில் குழி மெல்ல மெல்ல ஆழம் குறைந்தது. முனகல் நின்றது. நீலம் போய் உதடு சிவந்தது. டாக்டர் முக்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

சாவிச் சத்தம் வந்தது. மேலாளர் உள்ளே வந்து முதலில் செய்தது என்ன தெரியுமா? கீழே கிடந்த ரிப்பனைக் குனிந்து எடுத்துத் தூசி தட்டினார். இரண்டு அடி தள்ளி ஒரு உயிர் மூச்சு விடக் கற்றுக்கொண்டிருக்கிறது, அதைப் பார்க்கவில்லை. ரிப்பனின் இரண்டு நுனியையும் சேர்த்து வைத்துப் பார்த்தார், ஒட்டவைக்க முடியுமா என்று.

"கழட்டு. துடைச்சு, பழையபடி உறை போட்டு நிறுத்து. பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு."

"சார், உங்க மூக்கையும் வாயையும் கொஞ்சம் பொத்திக்கிட்டு நில்லுங்க" என்றாள் கடுகு. "நான் போய் ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டு வர்றேன். அதுவரைக்கும் பொத்தின கையை எடுக்கக் கூடாது."

"டாக்டர், இவளைப் பேசவிட்டுட்டு நீங்க வேடிக்கை பாக்கறீங்களா?"

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். "கழட்ட முடியாது சார்" என்றார். "கழட்டினா பிள்ளை போயிடும். நான் விட மாட்டேன்." ஆயா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இவர் வாயில் முடியாது என்று ஒரு வார்த்தை இருப்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அன்று வீட்டுக்குப் போன கடுகு செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்காரரைக் கேட்டாள். "பிளக் பாயிண்ட் மேல பெயிண்ட் அடிச்சு அடைச்ச கழுதை யாரு?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "உன் கழுதைதான். அந்த ஆள் எல்லாத்து மேலயும் அடின்னு உயிரை எடுத்தாரு. நான் அங்க நின்ன பூனை மேல அடிக்காம வந்ததே பெருசு." அவளுக்குச் சிரிப்பு வந்தது. நடந்ததைச் சொன்னாள். அவர் கேட்டு முடித்து, "வேலை போகுமா?" என்றார். "போகும் போலத்தான் இருக்கு." "பிள்ளை?" "மூச்சு விடுது." "அப்ப சாப்பிடு" என்று தட்டை அவள் பக்கம் தள்ளினார்.

மேலாளருக்கு அதோடு விட மனசில்லை. மிஷின் ஓடிக்கொண்டே இருக்கட்டும், பிள்ளை அப்படியே கிடக்கட்டும், மேலே புது ரிப்பன் கட்டுவோம், பெரியவர் வந்து வெட்டட்டும், போட்டோவும் நன்றாக வரும் என்று ஒரு யோசனை கொண்டுவந்தார். கடுகு கதவை மறித்துக்கொண்டாள். கூட்டமும் செருப்புத் தூசியும் கேமரா வெளிச்சமுமாக அந்த அறைக்குள் நுழைந்தால் பிள்ளைக்கு என்ன ஆகும்? "ரிப்பன் கட்டியே ஆகணும்னா வாசல்ல கட்டிக்குங்க சார். உங்களைச் சுத்தி வேணாலும் கட்டிக்குங்க. இந்த அறைக்குள்ள யாரும் வரக் கூடாது."

பெரியவர் வந்தார். ஊன்றுகோலும் வெள்ளைச் சட்டையுமாக, சாதாரணமாகத்தான் இருந்தார். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்று, உள்ளே குமிழி விடும் பாட்டிலையும், அம்மாவின் நெஞ்சுமேல் குழாயோடு படுத்திருக்கும் பிள்ளையையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுவரைக்கும் எத்தனை பிள்ளைங்களுக்குப் போட்டிருப்பீங்க?" என்று மேலாளரைக் கேட்டார்.

மேலாளர் சாவிக்கொத்தைத் தடவினார். டாக்டர்தான் சொன்னார். "இதுதாங்க முதல் பிள்ளை. உங்களுக்காகக் காத்திருந்தோம்."

"எனக்காகவா?" அவர் முகம் மாறியது. "நான் ஒரு நாளும் காத்திருக்கச் சொல்லலையே! இறக்கின அன்னைக்கே ஓட ஆரம்பிச்சிருக்கும்னுல்ல நினைச்சேன்?"

கேட்டீர்களா? அவர் ரிப்பனைக் கேட்கவே இல்லை. மாலை கேட்கவில்லை, கைதட்டல் கேட்கவில்லை. அவர் பெயரைச் சொல்லி மேலாளரே கட்டிய ரிப்பன். அந்தப் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுபோன பையனுக்கு யார் பதில் சொல்வது? கடுகு ஜன்னலுக்கு உள்ளே நின்றபடி இதைக் கேட்டாள். வெடிக்கவில்லை. வெடிக்கக்கூட முடியாத கோபம் ஒன்று இருக்கிறது, அது அன்றைக்குத்தான் அவளுக்கு வந்தது. பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே காரில் ஏறினார். "இனியாவது பாத்துக்குங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரும்தான் ஒருமுறை போன் போட்டுக் கேட்டிருக்கலாம்.

அவமானப்பட்டவர் திருந்துவார் என்று நினைப்பது நல்லவர்களின் பழக்கம். மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார். கடுகு மன்னிப்புக் கேட்க வேண்டும். மிஷினைத் தெரியாமல் திறந்துவிட்டேன் என்று எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை இருக்கும். சொல்லாவிட்டால் இல்லை.

"தெரியாம செய்யல சார். தெரிஞ்சேதான் செஞ்சேன்."

"அப்ப போயிடு."

"போறேன். பிள்ளை மிஷினை விட்டு இறங்கட்டும். அதுவரைக்கும் என்னை இங்கிருந்து நகத்திப் பாருங்க."

நகர்த்த ஒருவரும் வரவில்லை. பிரசவ அறை நர்சுகள் எல்லோரும் அவளுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். ஆனால் நின்றவர்களே தனியாகப் பிடித்துக் கெஞ்சினார்கள். ஒரு வார்த்தைதானே, வாயிலிருந்துதானே வரப்போகிறது, தேய்ந்தா போய்விடும் என்றாள் ஆயா. டாக்டர் தன் பங்குக்கு, தானே போய் மன்னிப்புக் கேட்டுவிடுவதாகச் சொன்னார். நாத்தனார் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அண்ணி, பொய் சொல்லாதவங்க யாரு இருக்காங்க? தெரியாம செஞ்சேன்னு சொல்லிட்டு, உள்ளுக்குள்ள சிரிச்சுக்குங்களேன்."

"சொல்லிட்டா என்ன ஆகும் தெரியுமா?" என்றாள் கடுகு. "தெரிஞ்சு செஞ்சா தப்புன்னு ஆயிடும். நாளைக்கு அவரு இன்னொண்ணுக்கு இன்னொரு ரிப்பன் கட்டுவாரு. அப்ப என் இடத்துல நிக்கிற பொண்ணு கத்தரியைக் கையில எடுத்துட்டு யோசிப்பா. அவ யோசிக்கிற நேரத்துல ஒரு பிள்ளைக்கு மூச்சு நின்னுடும்."

நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்காரர் தெருமுனைக் கடைக்குப் புதுப் பெயிண்ட் வேலை பேசப் போய்விட்டார்.

அந்த நாட்களில்தான் தெருப் பேச்சு கிளம்பியது. எங்கிருந்து கிளம்பியது என்று கேட்க வேண்டுமா? மாடிவீட்டுக்காரியின் புருஷன் மேலாளரின் கார் டிரைவர். அங்கே பின்சீட்டில் புலம்பியது இங்கே ரொட்டிக்கடைக்குச் சுடச்சுட வந்துசேர்ந்தது. கடுகு பஸ்சுக்கு நடக்கும்போது பேச்சு சட்டென்று நிற்கும், அவள் தாண்டியதும் தொடரும். அவள் திரும்பிப் பார்த்ததில்லை. நேரமில்லை. பிள்ளைக்குக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். குறைத்தால் முனகும், மறுபடி கூட்டுவார்கள். மறுநாள் இன்னும் கொஞ்சம் குறைப்பார்கள். மீன் மாதிரிப் பையில் போட்டாள் என்று அலறிய மாமியார் இப்போது கடுகு டீ குடிக்கப் போனால்கூட, "சீக்கிரம் வந்துடும்மா" என்பாள்.

ஒரு காலை டாக்டர் மூக்குக் குழாயைக் கழற்றினார். கன்னத்தில் பட்டைத் தடம், மூக்கு நுனியில் சிவப்பு. பாட்டிலில் குமிழி நின்றது. அறையில் யாரும் மூச்சு விடவில்லை, பிள்ளையைத் தவிர. கடுகு அதன் நெஞ்சை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். முனகல் வருமா, குழி விழுமா என்று பார்த்தாள். வரவில்லை. பிள்ளை தும்மியது. அப்புறம் அழுதது. பூனைக்குட்டிச் சத்தம்தான், ஆனால் கோபமான பூனைக்குட்டி. பிஸ்கட் ஃபேக்டரிப் பெண் சிரித்து, அழுது, "எவ்வளவு நேரம் ஆச்சுக்கா, இன்னும் விடுதே, விட்டுட்டே இருக்கே" என்றாள். சாயங்காலம்வரை பார்த்தார்கள். விட்டுக்கொண்டே இருந்தது.

கடுகு கையைக் கழுவினாள். மிஷினைத் துடைத்து, குழாய்களைச் சுத்தமாக அடுக்கி, அடுத்த பிள்ளை வந்தால் உடனே மாட்டுகிற மாதிரி பிளக்கோடு விட்டுவைத்தாள். சீருடையை மடித்து ஆயாவிடம் கொடுத்தாள். ஆயா அதை வாங்கிக்கொள்ளாமல் முகத்தை மூடிக்கொண்டாள். டாக்டர் அவளுக்காகக் கதவைத் திறந்துபிடித்தார்.

முன்வாசலில் மேலாளர் நின்றிருந்தார். அவள் போய்விட்டால் பிரசவ அறையை யார் பார்ப்பது என்று இப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். சாவிக்கொத்தைக் கையில் பிடித்திருந்தார், சத்தம் வராமல்.

"சரி. எல்லார் முன்னாடியும் வேண்டாம். என்கிட்ட மட்டும் சொல்லு, போதும்" என்றார் தணிந்த குரலில். "ஒரே ஒரு வார்த்தை."

"வழியை விடுங்க சார்" என்றாள் கடுகு. "பஸ் வந்துடுச்சு."